சேலத்தில் கலை தேடுகிறீர்களா? எங்கே தொடங்கலாம், யாரைப் பார்க்கலாம்

வேலை மாற்றலாகிச் சேலத்துக்கு வருகிறவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து நடுவயதில் ஓவியத்தின்மேல் ஆசை வந்தவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "இங்கே ஆர்ட் கேலரி எங்கே இருக்கிறது?" சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பதுபோல, எந்த நாள் போனாலும் புதுப்படம் மாட்டியிருக்கும் கேலரி வரிசையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அதை வைத்து "சேலத்தில் ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இந்த ஊரில் முகவரி தேடினால் ஏமாறுவீர்கள், ஆள் தேடினால் கிடைப்பார்கள். பிரேம் கடையிலும் கோயில் மண்டபத்திலும் கூத்துக் களத்திலும் ஆடி மாதத்தில் குகை என்ற பேட்டையின் தெருவிலும் கலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. எந்த மாதத்தில் எங்கே போய் நிற்பது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

வரையத் தொடங்கியிருப்பவர், வரையத் தெரியாவிட்டாலும் பார்க்க விரும்புகிறவர், பிள்ளைக்கு ஓவிய ஆசை இருப்பதைக் கண்ட பெற்றோர் ஆகிய மூன்று பேரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் தாரமங்கலம்

நவீன ஓவியம் பார்க்க வந்தவரைப் பழைய கோயிலுக்கு அனுப்புகிறேனே என்று நினைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

சேலத்திலிருந்து மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார். அடிக்கடி பஸ் உண்டு. இந்த வட்டாரத்தை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்தில் விரிவாகக் கட்டப்பட்ட கைலாசநாதர் கோயில் அங்கே இருக்கிறது. ராஜகோபுரத்தின் அடித்தளத்தையே யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல அமைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் கல் சங்கிலி, சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் பந்து, மேற்கூரையில் தாமரையும் கிளிகளும். சிற்பிகள் அந்தக் காலத்தில் ஒப்பந்தம் எழுதும்போது "தாரமங்கலம் தூண் நீங்கலாக" என்று சேர்த்துக்கொள்வார்கள், அதைப்போல இன்னொன்று செய்து தர முடியாது என்பதால், என்றொரு பேச்சு இந்தப் பக்கம் வழங்கி வருகிறது.

வருகிறவர்கள் பந்தை உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வாலி, சுக்கிரீவன் தூண்களிடம் போங்கள். ஒரு தூணில் இருவரும் மல்லுக்கு நிற்கிறார்கள். தள்ளி இன்னொரு தூணில் இராமன் வில்லோடு நிற்கிறான். இராமன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலியின் பக்கம் வந்து நின்று பார்த்தால் இராமன் தெரிவதில்லை. மறைந்து நின்று அம்பு விட்ட கதையைச் சிற்பி முகபாவத்தில் சொல்லவில்லை, தூணுக்கும் தூணுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் சொல்லியிருக்கிறான். பார்க்கிறவன் நடந்தால்தான் கதை புரியும். இன்றைக்குக் கண்காட்சிகளில் ஒரு அறை முழுக்கப் பொருள்களை அமைத்து, பார்வையாளரை அதற்குள் நடக்கவிடும் படைப்புகளைக் கண்டு "இதெல்லாம் என்ன கலை?" என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்த இரண்டு தூண்களுக்கும் நடுவே ஐந்து நிமிடம் நடந்தால் போதும்.

போகும்போது சின்ன நோட்டும் மென்மையான பென்சில் ஒன்றும், 4பி போதும், எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தூணையும் வரையப் பார்க்காதீர்கள். ஒரு கை, ஒரு குதிரைக் குளம்பு, கொடியின் ஒரு சுருள் என்று ஒன்றை மட்டும் எடுத்து அரைமணி நேரம் உட்காருங்கள். காலை வெயில் மண்டபத்துக்குள் சாய்வாக விழும்போது புடைப்பு நன்றாகத் தெரியும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சீக்கிரமே போய்விடுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வரைவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. சொல்லப்போனால் பத்து நிமிடத்தில் பின்னால் நாலு பேர் கூடிவிடுவார்கள், "மூக்கு கொஞ்சம் நீளமாப் போச்சுங்க" என்று திருத்தமும் சொல்வார்கள்.

நகருக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, 1979-இல் தொடங்கியது. அங்கே நடுகற்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

ஆடியில் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை

சேலத்தில் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் மிகப் பெரிய காட்சிக்கலை நிகழ்வு எது என்று கேட்டால் நான் வண்டி வேடிக்கையைத்தான் சொல்வேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டி ஊரே திருவிழாவாக இருக்கும் நாள்களில், குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் பக்கத்திலும் மற்ற பேட்டைகளிலும் இது நடக்கிறது. நூறாண்டைத் தாண்டிய வழக்கம். முன்பு மாட்டுவண்டி, இப்போது லாரியும் டிராக்டரும். வண்டியின்மேல் ஒரு புராணக் காட்சியை முழுசாகக் கட்டி, அதற்குள் உண்மையான ஆள்களைத் தெய்வ வேடத்தில் நிறுத்தி, சீரியல் விளக்குப் போட்டு ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். எந்த வண்டி சிறப்பு என்று பரிசும் உண்டு.

இதைக் கலையாகப் பார்க்க விரும்புகிறவருக்கு ஒரு யோசனை: இரவு ஊர்வலத்தைப் பார்ப்பது சரிதான், ஆனால் அதற்கு முந்தைய நாளும் அன்று மதியமும் சந்துகளுக்குள் நடங்கள். வண்டி கட்டுகிற இடம் அங்கேதான். மூங்கில் சட்டம் எழும்பும், அதன்மேல் துணி, தெர்மகோல், அட்டை, வண்ணம். ஒருவர் பாறையை வரைந்துகொண்டிருப்பார். தெர்மகோலைச் சூடான கம்பியால் அறுத்து, முதலில் அடர்ந்த நிறம் ஒன்றை முழுசாக அடித்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் காய்ந்த பிரஷை லேசாகத் தடவி வெளிச்சம் கொண்டுவருவார். நாடகத் திரை வரைந்த கைகளிடமிருந்து இறங்கி வந்த நுட்பம் இது. கிட்டே பார்த்தால் அலங்கோலமாகத் தெரியும், இருபது அடி தள்ளி, இரவில் விளக்கொளியில் பார்த்தால் மலையாகவே நிற்கும். எந்தத் தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறார்கள் என்பதை வைத்து வரைவது ஓவியக் கல்லூரியிலும் எளிதில் கைவராத பாடம்.

வேலை செய்கிறவரிடம் "இந்த வண்டியை யாருங்க கட்டினது?" என்று கேளுங்கள். அதுதான் சரியான கேள்வி. பெயர் சொல்வார்கள், அவர் வருடத்தின் மற்ற மாதங்களில் என்ன செய்கிறார் என்பதும் தெரியவரும். விளம்பரப் பலகை எழுதுவார், கல்யாண மேடை அலங்காரம் செய்வார், பள்ளி ஆண்டுவிழாவுக்குத் திரை வரைவார். உங்கள் நோட்டில் முதல் பெயர் ஏறிவிட்டது.

தேதி ஆண்டுக்காண்டு மாறும். ஆடி பிறந்ததும் குகைப் பக்கம் ஒரு டீக்கடையில் விசாரித்தால் சரியான நாள் கிடைக்கும். அன்று இரவு சொந்த வாகனத்தில் போகாதீர்கள், நிறுத்த இடம் இருக்காது.

கூத்து: விடிய விடிய உட்காரத் தயாராகுங்கள்

சேலம், மேட்டூர், எடப்பாடி வட்டாரங்களில் தெருக்கூத்து இன்னும் ஊர் நடுவே ஆடப்படுகிறது. தை கழிந்து மாரியம்மன் பண்டிகைகள் தொடங்கினால் கூத்துக்கும் காலம் வந்துவிடும். ஓவியம் பற்றிய கட்டுரையில் கூத்து எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு முறையாவது ஒப்பனைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கனம் குறைந்த மரத்தில் செதுக்கியவை. கல்யாணமுருங்கை மரம் இதற்கு ஏற்றது. செதுக்கிய மரத்தின்மேல் வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுவார்கள். அந்தச் சில்லுகள் ஏன் அவ்வளவு என்பது களத்தில்தான் புரியும். ஆட்டக்காரர் கிறுகிறுவென்று சுழலும்போது ஒவ்வொரு சில்லும் விளக்கை வாங்கித் திருப்பி அடிக்கும். முகத்தில் எந்த வேடத்துக்கு எந்த நிறம் என்பதற்கு முறை உண்டு. புருவத்தை ஒரே இழுப்பில் இழுக்கும் அந்தக் கையைப் பாருங்கள். கையில் சின்னக் கண்ணாடி, பக்கத்தில் ஒற்றை பல்பு, திருத்தி எழுத நேரம் கிடையாது. பிறகு இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து முதலில் கிரீடம், அப்புறம் கண், அப்புறம் முழு உருவம் என்று வேடம் வெளிப்படும். ஒரு உருவத்தை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது என்பதை இதைவிட நன்றாகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் 'மணல்வீடு' சிற்றிதழும் 'களரி' அமைப்பும் இந்த வட்டாரக் கூத்து, பாவைக்கூத்து, கட்டபொம்மலாட்ட (மரப்பாவை ஆட்ட) கலைஞர்களோடு நெருங்கி வேலை செய்பவை. களரி நடத்தும் இரவுநேரக் கூத்து விழாக்களுக்கு எழுத்தாளர்களும் ஓவியர்களும் வெளியூரிலிருந்து வருகிறார்கள். ஒரே இரவில் இத்தனை பேரை அறிமுகம் செய்துகொள்ளும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது என்பதால், புதிதாக வருகிறவர் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியது அது. இதழின் அறிவிப்பைப் பின்தொடர்ந்தால் தேதி தெரியும்.

அங்கே போகும்போது சில மரியாதைகள். ஒப்பனை நடக்கும் இடத்தில் கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். வரைய வேண்டுமானால் "வாத்தியாரே, ஓரமா உக்காந்து வரஞ்சுக்கட்டுங்களா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் பாய் விரித்துக் கொடுப்பார்கள். வரைந்ததைக் கிளம்புமுன் அவரிடம் காட்டுங்கள். காசு கொடுக்க நினைத்தால் ஆட்டத்தின் நடுவே அன்பளிப்பாகக் கொடுப்பதுதான் வழக்கம். அழியும் கலையைக் காப்பாற்ற வந்தவர்போலப் பேசாதீர்கள். எதிரில் இருப்பவர் நாளை இரவு அடுத்த ஊரில் ஆடப்போகிற தொழில்முறைக் கலைஞர்.

ஆள் பிடிக்கும் வழிகள்

திருவிழாவும் கூத்தும் வருடத்தில் சில மாதம்தான். மற்ற நாள்களுக்கு இதோ என் வரிசை.

பிரேம் கடை. சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் சாதாரணக் கடைதான். ஊரில் யார் வரைகிறார்கள், யார் விற்கிறார்கள், யார் ஒரு வருடமாக ஒன்றும் வரையவில்லை என்பதெல்லாம் பிரேம் போடுகிறவருக்குத்தான் தெரியும். சின்ன ஓவியம் ஒன்றைச் சட்டம் போடக் கொடுங்கள். கொடுக்கும்போது, "அண்ணே, படம் வரையறவங்க யாராச்சும் உங்ககிட்ட வர்றாங்களா?" என்று கேளுங்கள். உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருக்கும் நாலு படத்தைத் திருப்பிக் காட்டுவார். அந்த நாலும் சேலத்தின் இந்த மாதக் கண்காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவிய வாத்தியார்கள். சிறுநகரத்து ஓவியத்தின் முதுகெலும்பு இவர்கள்தான் என்பது என் எண்ணம், யாரும் இவர்களை எழுதுவதில்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கான லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் முடித்து, பயிற்சியும் பெற்றுப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள். பகலில் மாணவர்களுக்கு ரெக்கார்டு நோட்டில் படம், மாலையில் வீட்டு மாடியில் வகுப்பு, இரவில் தனக்காக ஒரு கேன்வாஸ். பக்கத்து அரசுப் பள்ளியிலோ தெரிந்த ஆசிரியரிடமோ கேட்டால் யாராவது ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அடிப்படைக் கோடு பழக இவர்களைவிட நல்ல ஆள் இல்லை. ஆனால் மாதிரியைப் பார்த்து அப்படியே வரையும் பழக்கத்தில் சிலர் நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து, "எனக்குத் தோன்றுவதை வரையலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலை வைத்துத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

பலகை எழுதுகிறவர்கள். 1935-இல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கினார். செட் வரைய, திரை வரைய, விளம்பரம் எழுத ஆள் தேவைப்பட்ட ஊர் இது. ஏற்காடு போகும் சாலையில் இன்று அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. பிளெக்ஸ் வந்ததும் கையால் எழுதும் வேலை சுருங்கிப்போயிற்று. இருந்தாலும் சுவர் விளம்பரமும் லாரிகளின் பின்பக்கமும் இன்னும் பிரஷைக் கேட்கின்றன. சுண்ணாம்புப் பொடி தடவிய நூலைச் சுவரில் இறுக்கிப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் 'ழ'வின் வாலை ஒரே மூச்சில் சுழிப்பார்கள். எழுத்துருவில் ஆர்வமுள்ள வடிவமைப்பாளர்கள் இவர்களிடம் ஒரு நாள் உதவியாளாக நின்றால் போதும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைய. உலோகத்தில் வேலை செய்ய நினைக்கும் சிற்பக்காரருக்குக் கம்பி இழுப்பதும் பற்றவைப்பதும் கண்ணால் பார்த்துக் கற்க நல்ல இடம். வெள்ளி விலை இருக்கும் இருப்பில் முன்பின் தெரியாதவரை உள்ளே விடமாட்டார்கள், தெரிந்தவரோடு போங்கள்.

அரசுப் பக்கம்: கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் சேலத்தில் இருக்கிறது. ஓவிய, சிற்பக் கண்காட்சி, விருது, உதவித்தொகை அறிவிப்புகள் அங்கிருந்துதான் வரும். மரபுவழி, நவீனபாணி என இரு வகையிலும் கலைஞர்களுக்குக் 'கலைச்செம்மல்' விருதை இந்தத் துறை தருகிறது. அறிவிப்பு செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்னதாக வந்துவிட்டுப் போய்விடும், கடைசித் தேதியும் நெருக்கத்தில் இருக்கும். ஒரு முறை நேரில் போய் அறிமுகம் செய்துகொள்வது நல்லது. ஐந்திலிருந்து பதினாறு வயதுள்ள பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, கட்டணம் பெயரளவுக்குத்தான்.

இந்தப் பட்டியலில் சமூக வலைத்தளத்தைச் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். இன்ஸ்டாகிராமில் ஊர்ப் பெயரோடு தேடினால் பென்சிலில் நடிகர் முகம் வரைகிற இளைஞர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். திறமைசாலிகள்தான். நேரில் சந்தித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வெளியில் வரையக் கூப்பிடுங்கள், வருவார்கள். அப்படி நாலு பேர் சேர்ந்தால் அதுவே குழு.

பொருள் வாங்குவது: காடாத் துணி ஊரில் கேன்வாஸுக்கு ஏன் அலைகிறீர்கள்?

ஸ்டேஷனரிக் கடைகளில் மாணவர் தரத்து வண்ணம், கார்ட்ரிட்ஜ் தாள், பிரஷ் கிடைக்கும். தொடங்குவதற்கு அது போதும். உயர்தர நீர்வண்ணத் தாளும் நிறமும் வேண்டுமென்றால் ஆன்லைனில் வாங்குங்கள், இல்லை பெங்களூர் போகும்போது வாங்கி வாருங்கள்.

கேன்வாஸை மட்டும் கடையில் ரெடிமேடாக வாங்காதீர்கள். தறிச்சத்தம் கேட்கும் ஊரில் இருக்கிறோம். வெளுக்காத, கெட்டியான காடாத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கலாம். செய்முறை இது: துணியை ஓர் இரவு வெந்நீரில் ஊறவையுங்கள். நெசவில் போட்ட கஞ்சி போகும், சுருங்க வேண்டியதும் இப்போதே சுருங்கிவிடும். இதைச் செய்யாவிட்டால் படம் முடிந்த பிறகு சட்டத்தை இழுத்துக் கோணலாக்கும். அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். தச்சரிடம் சட்டம் செய்யச் சொல்லும்போது முன்பக்க உள்விளிம்பைச் சரிவாக இழைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் துணிக்குப் பின்னாலிருந்து சட்டத்தின் விளிம்பு படத்தில் கோடாக விழும். துணியை முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒரு ஆணியோ ஸ்டேபிளோ அடித்து நிறுத்தி, அங்கிருந்து மூலைகளை நோக்கி இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து அடிக்க வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் விழும். பிறகு ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு, மூன்று முறை, நடுவே உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்து. தைலவண்ணம் தீட்டுகிறவர்கள் இந்தப் பூச்சில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. எண்ணெய் நேராகப் பருத்தியில் இறங்கினால் சில வருடத்தில் துணி இற்றுப்போகும்.

சேலத்து ஏப்ரல், மே வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும். கையில் ஒரு ஸ்பிரே பாட்டில் வைத்துக்கொண்டு அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள், இல்லாவிட்டால் காலை ஏழு மணிக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு: மலையில் எல்லாமே தலைகீழ்

ஏற்காட்டில் நீர்வண்ணம் காயவே காயாது. பனிமூட்டம் இறங்கும் நாளில் முதல் பூச்சு ஈரமாகவே நிற்கும், அதன்மேல் அடுத்ததைப் போட்டால் சேறு. அதனால் மலைக்குப் போகும்போது கரி, பேனா, இங்க், வண்ணப் பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். நீர்வண்ணம்தான் வேண்டுமென்றால் ஈரத்தோடு ஈரம் கலக்கும் முறையில் ஒரே மூச்சில் முடிக்கிற சின்ன அளவுப் படங்களாக வையுங்கள். சேர்வராயன் மலைக்கு அதுதான் பொருத்தமும்கூட.

சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,500 மீட்டர் உயரம். வார இறுதியைத் தவிர்த்து வாரநாளில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உட்கார்ந்து வரைய இடம் கிடைக்காது.

எல்லோரும் ஏரியைத்தான் வரைகிறார்கள். காலண்டர் படத்துக்குமேல் அதில் எதுவும் வருவதை நான் பார்த்ததில்லை. காப்பித் தோட்டங்களின் ஓரம் வாருங்கள். 1820-இல் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த மலையின் தோற்றமே மாறிப்போனது. நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் நேர்நேராக நிற்க, அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காப்பிச் செடி. செங்குத்துக் கோடும் அதை உடைக்கும் இலைக் கூட்டமும், வடிவம் பழக இதைவிட என்ன வேண்டும்? தோட்டங்கள் தனியார் சொத்து, கேட்டில் இருப்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மலைக் கிராமங்களில் ஆள்களை வரையும்போதும் அப்படியே.

நிறத்தைக் கவனிக்க ஒரு பயிற்சி. மலைமேல் பாக்சைட் மண், செங்காவியிலிருந்து கருஞ்சிவப்புவரை. அடிவாரத்தில் மாக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தை வெட்டிய இடங்கள் வெளேரென்று கிடக்கும். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து தெளிவான காலையில் பார்த்தால் ஊரும் மலையும் அந்த வெள்ளைத் திட்டுகளும் ஒரே பார்வையில் விழும். காவி, வெள்ளை, அடர்பச்சை, அவற்றோடு ஒரு சாம்பல் என நாலே நிறம் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வரைந்து பாருங்கள். பச்சை மலைக்கு நீலவானம் என்ற பழக்கம் தானாக விட்டுப்போகும்.

முதல் கண்காட்சி போடுவதற்கு

பத்துப் படம் சேர்ந்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். தனியாக வேண்டாம், நாலைந்து பேராகச் சேருங்கள். செலவும் பிரியும், பார்க்க வருகிற சொந்தபந்தமும் பெருகும்.

இடம் என்பது இங்கே எப்போதும் இரவல்தான். பள்ளி, கல்லூரிக் கூடம், சங்கக் கட்டடம், காப்பிக் கடையின் சுவர், யாராவது ஒருவர் வீட்டு மாடி. கல்யாண மண்டபம் வேண்டாம், வெளிச்சம் கூசும், வாடகையும் கட்டுப்படியாகாது. எந்த இடமானாலும் முதலில் இரண்டு கேள்வி: சுவரில் ஆணி அடிக்க விடுவார்களா, மின்விளக்கை நகர்த்த முடியுமா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "கூடாது" என்றுதான் பதில் வரும். பந்தல்காரரிடம் இரும்புச் சட்டம் வாடகைக்கு எடுத்து, வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, மேல் கம்பியிலிருந்து நைலான் நூலில் படத்தைத் தொங்கவிடலாம். படத்தின் நடுப்பகுதி நிற்கிறவரின் கண்மட்டத்தில் வரட்டும். மின்விசிறியை நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் படங்கள் ஆடும்.

விலை எழுதுவதற்குக் கூச்சப்படாதீர்கள். பொருள் செலவு, பிரேம், உங்கள் நாள்கூலி மூன்றையும் கூட்டினால் ஒரு அடிமட்ட விலை வரும். அதற்குக் கீழே "தெரிந்தவர்தானே" என்று கொடுத்தால் அடுத்த முறை பக்கத்தில் மாட்டியிருக்கிற நண்பரின் விலையும் சரியும். விற்காமல் போகலாம், பெரும்பாலும் விற்காது. வந்தவர்கள் பெயரும் போன் எண்ணும் எழுத ஒரு நோட்டை வாசலில் வையுங்கள். விற்பனையைவிட அந்த நோட்டுதான் பிறகு உதவும். பிரேம் கடைக்காரரையும் கூத்து வாத்தியாரையும் வண்டி கட்டியவரையும் அழைக்க மறக்காதீர்கள்.

வெளியூர்: ரயில் டிக்கெட்தான் உங்கள் கேலரி

சேலம் ஜங்ஷன் நமக்கு வாய்த்த வசதி. சென்னை, பெங்களூர், கோவை, கொச்சி நான்குக்கும் நேரடி ரயில்.

கோவை காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம், உக்கடத்தில் குடியிருப்புச் சுவர்களில் தீட்டிய பெரிய ஓவியங்கள். பெங்களூரில் ஜனவரியில் ஒரு ஞாயிறு கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தைக்குப் போங்கள். குமாரகிருபா சாலை முழுக்க ஓவியர்கள் தங்கள் படத்தோடு நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். எது விற்கிறது, எந்த விலைக்கு, எப்படிப் பேசி விற்கிறார்கள் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். மற்ற நாள்களில் மாணிக்கவேலு மாளிகையில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடம், 2023-இல் திறந்த மேப் (மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராபி) என்ற கலை, புகைப்பட அருங்காட்சியகம். இரண்டுக்கும் திங்கள் விடுமுறை.

சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அடிக்கடி புதுக் கண்காட்சி இருக்கும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் 1966-இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த நவீன ஓவியப் போக்கான மெட்ராஸ் இயக்கத்தின் ஓவியங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பத்திரிகையிலும் புத்தக அட்டையிலும் மட்டும் பார்த்தவர்கள் அவரை அசலில் பார்க்க வேண்டும். துறையூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன ஆள் அவர், நமக்குத் தொலைவில்லை. இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் கலைவிழாவான கொச்சி முசிறிஸ் பினாலே நடக்கும் பருவத்தில், டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள், இரண்டு நாள் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாமல் ஒரு நாளைக்கு இரண்டு அரங்கு போதும்.

பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால்: நான்காண்டு நுண்கலைப் பட்டப்படிப்புக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். மரபுச் சிற்பமும் கோயில் கட்டடமும் கற்க மாமல்லபுரம். நுண்கலைக் கல்லூரிகளில் சேர மதிப்பெண் மட்டும் போதாது, செய்முறைத் தேர்வு உண்டு. நடிகர் முகம் வரைந்து பழகிய கை அங்கே திணறும். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பஸ் நிலையத்தில் காத்திருக்கிறவர்கள், சந்தைக் கடை, வீட்டுச் சமையலறைப் பாத்திரம் என்று நேரில் பார்த்து வரைந்த நோட்டுகளைச் சேர்த்துவரச் சொல்லுங்கள். விண்ணப்பம் வழக்கமாகப் பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி வெளியாகும், கலை அறிவியல் கல்லூரி, பொறியியல் கலந்தாய்வு என்று வீடே பரபரப்பாக இருக்கும் நேரம் அது. ஏப்ரலிலேயே கல்லூரிக்கு ஒரு போன் போட்டுத் தேதியைக் கேட்டு வைத்துவிடுங்கள்.